வேலியை அகற்றினால் மட்டும் போதுமா?

எஸ்.பி.எம். தேர்வு முடிந்த கையோடு வேலை தேடிப் புறப்படும் மாணவர்கள் நம்மிடையே அதிகம். பேரங்காடியில் பொருள் அடுக்குவது, உணவகத்தில் பரிமாறுவது, மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று ஏதாவது ஒரு வேலை கிடைத்துவிடுகிறது. கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களும் விடுமுறையில் இதைத்தான் செய்கிறார்கள். வேலையில் சேரும் நாளில் சம்பளம் எவ்வளவு, எத்தனை மணி நேரம், எந்த நாள் ஓய்வு என்று கேட்கிறோம். 'இங்கே தொழிற்சங்கம் இருக்கிறதா?' என்று கேட்பவர் எத்தனை பேர்?

கேட்காததில் வியப்பில்லை. மலேசியத் தொழிலாளர்களில் 100 பேரை எடுத்துக்கொண்டால் சுமார் 6 பேர்தான் தொழிற்சங்க உறுப்பினர்கள். தோட்டத்தில் சங்கச் சந்தா கட்டிய தாத்தாவின் பேரப்பிள்ளைகளுக்கு, தொழிற்சங்கம் என்பது மே 1ஆம் தேதி விடுமுறையோடு முடிந்துபோகும் ஒரு சொல்.

ஆனால், 2024 செப்டம்பர் 15ஆம் தேதி நம் நாட்டில் ஒரு முக்கியமான மாற்றம் நடைமுறைக்கு வந்தது. 1959ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் அன்றுதான் அமலானது. ஒரே தொழில், ஒரே துறை, ஒரே வகை வேலை என்ற எல்லைக்குள்தான் சங்கம் அமைக்க வேண்டும் என்ற பழைய கட்டுப்பாடு நீக்கப்பட்டது. ஒரு துறையில் ஏற்கெனவே ஒரு சங்கம் இருப்பதைக் காரணம் காட்டி, புதிய சங்கத்தின் பதிவை நிராகரிக்கும் நிலையும் மாறியது.

இதை வரவேற்றவர்களும் உண்டு. 'தொழிலாளர் ஒற்றுமை சிதறப் போகிறது' என்று எச்சரித்தவர்களும் உண்டு. நாளை வேலைக்குப் போகப்போகும் மாணவர்கள் இந்த விவாதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். திருத்தம் சரியானது, ஆனால் அது பாதி வேலைதான் என்பது என் கருத்து.

வேலி எப்படி வந்தது?

இந்தக் கதையில் நம் முன்னோர்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்களை ஒருங்கிணைத்தவர்களில் முக்கியமானவர் ஆர்.எச்.நாதன். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளை இன்று படித்தாலும் மனம் கனக்கும். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். பெண்களிடம் அத்துமீறுவது நிற்க வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: தோட்ட நிர்வாகியோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

கூலி உயர்வுக் கோரிக்கைக்குப் பக்கத்திலேயே சைக்கிளில் அமர்ந்து போகும் உரிமையும் இடம்பெற்றதைக் கவனியுங்கள். அன்றைய தொழிலாளி கேட்டது காசு மட்டுமல்ல, மரியாதையும்தான். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். போராட்டத்தை அடக்கப் படை வந்தது; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

போர் முடிந்த பிறகு சங்கங்கள் மீண்டும் வேகமாக வளர்ந்தன. துறைமுகத் தொழிலாளி, தோட்டத் தொழிலாளி, சுரங்கத் தொழிலாளி என எல்லாத் துறையினரையும், எல்லா இனத்தவரையும் ஒரே குடையின் கீழ்க் கொண்டுவந்தது அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனம். அதன் தலைவராக இருந்தவர் எஸ்.ஏ.கணபதி என்ற தமிழர்.

1948ஆம் ஆண்டு காலனித்துவ அரசு தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தியது. சங்கப் பொறுப்பாளர்கள் அந்தத் துறையில் குறைந்தது 3 ஆண்டு வேலை செய்தவர்களாக இருக்க வேண்டும் என்றது. ஒரே துறையைச் சேர்ந்த சங்கங்கள் மட்டுமே சம்மேளனமாக இணையலாம் என்றது. எல்லாத் துறைகளையும் இணைத்த அமைப்பு இதனால் சட்டத்திற்குப் புறம்பானதாகிப் பதிவு இழந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. துப்பாக்கி வைத்திருந்த குற்றத்திற்காக கணபதி 1949 மே 4ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

அந்த இயக்கத்தில் கம்யூனிஸ்டுக் கட்சியின் செல்வாக்கு இருந்தது என்பது அன்றைய அரசு சொன்ன காரணம். செல்வாக்கு இருந்ததும் உண்மைதான். ஆனால், கம்யூனிஸ்டு அச்சம் ஓய்ந்து, நாடு விடுதலையும் அடைந்த பிறகுகூட, 'ஒரு துறைக்குள் நின்றுகொள், பக்கத்துத் துறையோடு சேராதே' என்ற வேலி நிற்கவே செய்தது. 1959ஆம் ஆண்டுச் சட்டம் அதே சிந்தனையைத்தான் பின்பற்றியது.

மின்சாரம் வேறு, மின்னியல் வேறா?

அந்த வேலி நடைமுறையில் என்ன செய்தது என்பதற்குப் பினாங்கு நல்ல சான்று. 1970களின் தொடக்கத்தில் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரத்தில் மின்னியல் தொழிற்சாலைகள் வந்தன. ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர்களை உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொள்ள மின்சாதனத் தொழிலாளர் சங்கம் முன்வந்தது. பதிவதிகாரி மறுத்துவிட்டார். மின்சாதனத் தொழிலும் மின்னியல் தொழிலும் ஒத்த தொழில்கள் அல்ல என்பது அவர் சொன்ன விளக்கம்.

1988ஆம் ஆண்டு மின்னியல் தொழிலாளர்களுக்குத் தேசியச் சங்கம் அமைக்கலாம் என்று அரசு அறிவித்தது. பிறகு பின்வாங்கி, ஒவ்வொரு நிறுவனத்திற்குள்ளும் தனித்தனியாகச் சங்கம் அமைத்துக்கொள்ளலாம் என்று சுருக்கிக்கொண்டது. வட்டார அளவில் சங்கம் அமைக்க மேலும் 20 ஆண்டுகள் ஆயின. நாட்டின் ஏற்றுமதியைத் தாங்கிப் பிடித்த ஒரு தொழிலில், ஒரு தலைமுறைப் பெண்கள் சங்கம் இல்லாமலேயே வேலை செய்து ஓய்வு பெற்றார்கள்.

'சங்கம் வந்தால் வெளிநாட்டு முதலீடு ஓடிவிடும்' என்பதே இதற்கெல்லாம் சொல்லப்பட்ட காரணம். முதலீட்டைப் பற்றிய கவலை தவறல்ல. வேலை இருந்தால்தான் தொழிலாளிக்கும் வாழ்வு. ஆனால், ஜெர்மனியைப் பாருங்கள். உலகின் பெரிய கார் நிறுவனங்கள் வலுவான சங்கங்களோடுதான் அங்கே தொழில் நடத்துகின்றன. சுவீடனிலும் டென்மார்க்கிலும் குறைந்தபட்சச் சம்பளச் சட்டமே கிடையாது. சங்கங்களும் முதலாளிமார்களும் பேசி முடிவு செய்வதே அங்கே சம்பளம். அந்த நாடுகளை விட்டு முதலீடு ஓடிவிடவில்லை.

சிதறிவிடும் என்ற அச்சம்

இப்போது விவாதத்தின் மறுபக்கத்திற்கு வருவோம். வேலியை எடுத்தால் ஒரே தொழிற்சாலையில் மூன்று சங்கம், நான்கு சங்கம் முளைக்கும் என்கிறார்கள் மூத்த தொழிற்சங்கவாதிகள் சிலர். இனவாரியாகவும் கட்சிவாரியாகவும் தொழிலாளர்கள் பிரிவார்கள். நிர்வாகமே தனக்குத் தலையாட்டும் ஒரு சங்கத்தை உருவாக்கி, உண்மையான சங்கத்தை ஓரங்கட்டும் என்பது அவர்களின் அச்சம். முதலாளிமார் தரப்பின் கவலை வேறு: யாரோடு பேசுவது, எத்தனை பேரோடு பேசுவது?

இந்த அச்சத்தை எள்ளி ஒதுக்கக்கூடாது. நம் சமுதாயத்தில் ஒரு கோயிலுக்கு இரண்டு நிர்வாகம், ஓர் ஊருக்கு மூன்று மன்றம் என்று பிரிந்து நிற்பதை நாமே பார்த்திருக்கிறோம். சங்கம் மட்டும் அதற்கு விதிவிலக்கா?

ஆனால், ஒற்றைச் சங்கம் என்ற பழைய ஏற்பாடு தொழிலாளியை ஒற்றுமையாக வைத்திருந்ததா என்றும் கேட்க வேண்டும். 1954ஆம் ஆண்டு உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தின் மிகப் பெரிய சங்கங்களில் ஒன்று. அதை வழிநடத்திய பி.பி.நாராயணன் அனைத்துலகத் தொழிற்சங்க அரங்கிலும் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்தவர். அந்தச் சங்கம் பெற்றுத் தந்த நன்மைகள் பல. இருந்தும், மாதச் சம்பளம் என்ற அடிப்படைக் கோரிக்கை தோட்டங்களில் பல பத்தாண்டுகள் இழுபட்டது. 'சந்தா மட்டும் தவறாமல் பிடிக்கிறார்கள், சங்கக்காரரைத்தான் காணோம்' என்ற முணுமுணுப்பு லயங்களில் கேட்டது. அப்படி மனக்குறைபட்ட தொழிலாளிக்கு வேறு சங்கம் அமைக்க வழியில்லை. ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று சட்டம் கையை விரித்தது. அவனுக்கு இருந்தது ஒரே வழி: உறுப்பினர் அட்டையைத் தூக்கி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது. பலர் அதைத்தான் செய்தார்கள். இந்த நிலையில் 100 பேரில் 6 பேர் என்ற கணக்கு வியப்பளிப்பதாக இல்லை.

போட்டி இல்லாத கடை சரக்கை மாற்றாது. சங்கத்திற்கும் இது பொருந்தும். உறுப்பினர் வேறு சங்கத்திற்குப் போய்விட முடியும் என்ற நிலை இருந்தால்தான் தலைமை விழித்திருக்கும்.

முதலாளி யாரோடு பேசுவது என்ற கேள்விக்கும் சட்டத்தில் விடை இருக்கிறது. ஓரிடத்தில் ஒன்றுக்கும் மேற்பட்ட சங்கங்கள் இருந்தால், எந்தச் சங்கம் பேச்சுவார்த்தை நடத்துவது என்று அவை தமக்குள் உடன்பாடு காணலாம். உடன்பாடு இல்லையென்றால் இரகசிய வாக்கெடுப்பு. அதிக வாக்குப் பெறும் சங்கத்திற்கே பேசும் உரிமை. பள்ளியில் மாணவர் தலைவரைத் தேர்ந்தெடுப்பது போலத்தான் இது. பல வேட்பாளர்கள் நிற்பதால் பள்ளி பிளந்துவிடுவதில்லை.

மீதிப் பாதி எங்கே?

அப்படியானால் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. சங்கம் பதிவு செய்வது முதல் படி மட்டுமே. 7 உறுப்பினர்கள் கையெழுத்திட்டால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால், பதிவு பெற்ற சங்கத்தை நிறுவனம் அங்கீகரித்தால்தான் பேச்சுவார்த்தை மேசைக்கே போக முடியும். 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டப்படி, சங்கம் அங்கீகாரம் கேட்ட 21 நாட்களுக்குள் முதலாளி சம்மதிக்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்து மூலம் சொல்ல வேண்டும். மறுப்பு வந்தால் விவகாரம் தொழில் உறவு இலாகாவிற்குப் போகும், வாக்கெடுப்பு நடக்கும், அதை எதிர்த்து நீதிமன்றம் போனால் ஆண்டுக் கணக்கில் இழுக்கும். அதற்குள் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் வேறு கிளைக்கு மாற்றப்பட்டிருப்பார். ஒப்பந்தம் முடிந்த இன்னொருவர் வீட்டுக்குப் போயிருப்பார். எஞ்சியவர்கள் 'நமக்கேன் வம்பு' என்று இருந்துவிடுவார்கள்.

சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை வேலை நீக்கம் செய்யக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஆனால், எந்த முதலாளி அந்தக் காரணத்தைக் கடிதத்தில் எழுதுவார்? நிரூபிக்கும் சுமை வேலை இழந்து நிற்பவர் தலையில்தான் விழுகிறது.

அங்கீகாரம் கிடைத்த பிறகும் எல்லாவற்றையும் பேசிவிட முடியாது. பதவி உயர்வு, பணியிட மாற்றம், ஆள் சேர்ப்பு, ஆட்குறைப்பு, பணிநீக்கம், வேலைப் பங்கீடு ஆகியவற்றை நிர்வாகத்தின் உரிமை என்று அதே சட்டம் தனியே பிரித்து வைத்துள்ளது. பொதுவான கேள்விகளை எழுப்பலாம். கூட்டு ஒப்பந்தத்திற்கான கோரிக்கையாக வைக்க முடியாது. ஒரு தொழிலாளியின் வாழ்க்கையைப் புரட்டிப் போடும் விஷயங்கள் பெரும்பாலும் இந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன. வேலை நிறுத்தம் செய்வதற்கும் இரகசிய வாக்கெடுப்பு, அதில் சாதாரணப் பெரும்பான்மைக்கும் மேலான ஆதரவு, முடிவைச் சமர்ப்பித்த பின் 7 நாள் காத்திருப்பு என்று பல படிகள் உண்டு.

ஆகவே, சங்கங்கள் பெருகுவதைத் தடுப்பது பிளவுக்கு மருந்தாகாது. அங்கீகார நடைமுறை முழுவதற்கும் ஒரு கால வரம்பு வேண்டும். வாக்கெடுப்பு முடியும்வரை சங்க அமைப்பாளர்களை மாற்றவோ நீக்கவோ கூடாது என்ற உறுதியான பாதுகாப்பு வேண்டும். நிர்வாகத்தின் பணத்தில் நடக்கும் போலிச் சங்கத்தை அடையாளம் கண்டு பதிவை நீக்க வேண்டும். இவை மூன்றும் இல்லாமல் வேலியை மட்டும் எடுத்தால், மூத்த தொழிற்சங்கவாதிகளின் அச்சம் உண்மையாகிவிடக்கூடும்.

சங்கத்திற்கு வெளியே நிற்பவர்கள்

இன்னொரு பெரும் கூட்டம் இந்த விவாதத்திற்கு வெளியே நிற்கிறது. உணவு விநியோகிப்பவர்கள், மின் அழைப்பு வாகன ஓட்டுநர்கள் போன்ற கிக் தொழிலாளர்கள்தான் அவர்கள். நம் இளைஞர்கள் பலர் அதில் இருக்கிறார்கள். நிறுவனம் அவர்களைத் 'தொழிலாளி' என்று சொல்வதில்லை, 'பங்காளி' என்று சொல்கிறது. அத்தகைய ஓட்டுநர் ஒருவர் தொழில் உறவுச் சட்டப்படி தொழிலாளி அல்லர் என்று நம் நீதிமன்றங்களும் தீர்ப்பளித்துள்ளன. ஒரு விநியோகத்திற்கு இத்தனை வெள்ளி என்ற கட்டணத்தைச் செயலி குறைத்தாலும், கணக்கை முடக்கினாலும், எதிரே உட்கார்ந்து பேச ஆள் இல்லை.

2025ஆம் ஆண்டு நாடாளுமன்றம் கிக் தொழிலாளர் சட்டத்தை நிறைவேற்றியது. சர்ச்சைகளைத் தீர்க்கத் தனித் தீர்ப்பாயமும், கட்டணம் உள்ளிட்டவற்றைப் பேச ஆலோசனை மன்றமும் அதில் இடம்பெற்றுள்ளன. இது நல்ல தொடக்கம். ஆனால், தீர்ப்பாயத்திற்குத் தனியாளாகப் போகும் இளைஞனுக்கும், பல ஆயிரம் பேரின் சார்பில் புள்ளிவிவரத்தோடு போகும் அமைப்புக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சட்டம் மேசையைப் போடலாம். அதில் உட்காரத் தொழிலாளர்கள் தரப்பில் ஆள் வேண்டும்.

மாணவர்களுக்கு இதில் என்ன வேலை?

கூட்டரசு அரசியலமைப்பின் 10ஆவது பிரிவு சங்கம் அமைக்கும் உரிமையைக் குடிமக்களுக்குத் தருகிறது. அதே பிரிவில் ஒரு வரி, இந்த உரிமையைத் தொழில் தொடர்பான சட்டத்தாலும் கல்வி தொடர்பான சட்டத்தாலும் கட்டுப்படுத்தலாம் என்கிறது. தொழிலாளியையும் மாணவரையும் ஒரே வரியில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். 1971ஆம் ஆண்டு பல்கலைக்கழகச் சட்டம் மாணவர் அமைப்புகளுக்கு வகுத்த கட்டுப்பாடுகளும் பின்னர் படிப்படியாகத்தான் தளர்ந்தன. மாணவர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் அவை தளர்ந்தன.

எனவே, இளையோர் இப்போதே செய்யக்கூடியவை சில உண்டு. பகுதி நேர வேலையாக இருந்தாலும் நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஊழியர் சேமநிதியும் சொக்சோவும் செலுத்தப்படுகின்றனவா என்று பாருங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஆகஸ்டு 1 முதல் சிறிய முதலாளிமார்களுக்கும் சேர்த்தே மாதம் 1,700 வெள்ளி என்றானது. வாரத்திற்கு 45 மணி நேரம் என்பது 2023 முதல் சட்டம் வகுத்துள்ள வரம்பு. முறையற்ற விதத்தில் வேலை நீக்கம் செய்யப்பட்டவர் 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிட வேண்டும். அதற்குப் பிறகு போனால் கதவு மூடியிருக்கும். இந்த ஒரு தகவல் தெரியாததால் உரிமையை இழப்பவர்கள் உண்டு.

நிரந்தர வேலையில் சேர்ந்த பிறகு, அங்கே சங்கம் இருக்கிறதா, கூட்டு ஒப்பந்தம் இருக்கிறதா என்று கேளுங்கள். கூட்டு ஒப்பந்தம் குறைந்தது 3 ஆண்டுகளுக்குச் செல்லும். அது கையெழுத்தான பிறகு வேலைக்குச் சேருபவர்களையும் கட்டுப்படுத்தும். நீங்கள் சேரும் முதல் நாளில் கிடைக்கும் விடுப்பும் போனசும், நீங்கள் முகம் பார்த்திராத யாரோ உங்களுக்காகப் பேசி வாங்கியதாக இருக்கலாம். அடுத்த ஒப்பந்தத்தை உங்களுக்குப் பின் வருபவர்களுக்காக நீங்கள் பேச வேண்டியிருக்கும்.

சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நரைத்த தலைகள் மட்டும் மேடையில் அமர்ந்து, ஆண்டுக் கூட்டத்தில் மாலை மாற்றிக்கொண்டிருந்தால் இளைஞர்கள் வரமாட்டார்கள். கல்லூரிக்கு வாருங்கள், சம்பளச் சீட்டை எப்படிப் படிப்பது என்று சொல்லிக் கொடுங்கள், உணவு விநியோகிக்கும் இளைஞனின் கைப்பேசி மொழியில் பேசுங்கள். பள்ளிகளிலும் நிதிநிலைக் கல்வியோடு தொழிலாளர் சட்டத்தின் அடிப்படையையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். பணத்தைச் சேமிக்கக் கற்றுத் தரும் நாம், அந்தப் பணம் வரவேண்டிய அளவு வருகிறதா என்று பார்க்கவும் கற்றுத் தர வேண்டாமா?

1948இல் போடப்பட்ட வேலி விலக 76 ஆண்டுகள் ஆயின. அது விலகியபோது அதைக் கடந்து போக 100 பேரில் 6 பேர்தான் தயாராக நின்றார்கள் என்பதுதான் வருத்தம். அந்த எண்ணிக்கையைச் சட்டத்தால் உயர்த்த முடியாது. அடுத்த சில ஆண்டுகளில் வேலைக்குப் போகப்போகிறவர்களால்தான் முடியும். அவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி எளியது: 'இங்கே சங்கம் இருக்கிறதா? இல்லையென்றால், ஏன் இல்லை?'